துரு பிடிக்கும்போது சூடு வருமா? ஒரு பாட்டிலில் பார்த்துவிடலாம்

கடலூர் முதுநகரில் குடியிருக்கிறவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட்டின் கீல் எதுவும் தப்பாது, பொங்கலுக்குப் பெயிண்ட் அடித்தால் ஆடிக்குள் உப்பிக்கொண்டு உரியும். ஆனால் அந்தக் கம்பி துருப்பிடிக்கிற நேரமெல்லாம் சூட்டையும் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது என்று சொன்னால், தொட்டால் சில்லென்றுதானே இருக்கிறது என்பார்கள். கணக்குப்படி 1 கிராம் இரும்பு முழுசாக ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஏறக்குறைய 7 கிலோஜூல் வெப்பம் வரும். 100 மில்லி தண்ணீரை 15 டிகிரிக்கு மேல் சூடாக்க அது போதும். மாதக்கணக்கில் துளித்துளியாக வருவதால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடுகிறது, அவ்வளவுதான்.

அதே வேலையைச் சில நிமிடத்தில் நடக்கவைத்தால் சூடு கண்ணில் படும்.

வேண்டிய சாமான்: அகல வாய் ஊறுகாய் பாட்டில், சாதாரண வெள்ளை வினிகர், ஹார்டுவேர் கடையில் பாலிஷுக்கு விற்கும் மெல்லிய இரும்பு நார், மீன் தொட்டிக்கு வாங்குகிற ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் பழைய தெர்மாமீட்டர் ஒத்துவராது, அதில் கோடே ஏறக்குறைய 35-இல்தான் தொடங்கும்.

நாரில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நானும் முதல் தடவை பாத்திரம் தேய்க்கிற பளபளப்பான ஸ்க்ரப்பரை வாங்கி வந்து, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தேன், சூடு ஏறுவதற்குப் பதில் 2 டிகிரி இறங்கியது! அது ஸ்டெயின்லெஸ், துருப்பிடிக்காது, ஈரம் ஆவியானதில் குளிர்ந்ததுதான் மிச்சம். காந்தத்தை வைத்துச் சோதிக்காதீர்கள், சில வகை ஸ்டெயின்லெஸ்ஸும் ஒட்டும். ஒரு துணுக்கை உப்புத் தண்ணீரில் நனைத்து ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் செம்பழுப்பாக இருந்தால் சரியான நார்.

சரி, செய்முறை. தெர்மாமீட்டர் முனையை வெறும் பாட்டிலுக்குள் விட்டு, வாயைப் பாலித்தீன் தாளால் மூடி ரப்பர் பேண்ட் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உள்ளங்கையில் அடங்குகிற அளவு நாரை இரண்டு நிமிடம் வினிகரில் ஊறவைக்க வேண்டும், மேலே பூசியிருக்கும் எண்ணெயும் பழைய ஆக்சைடும் நீங்கி உள்ளிருக்கும் இரும்பு காற்றுக்குத் தெரிய வேண்டும், வினிகரின் வேலை அதுதான். நன்றாகப் பிழியுங்கள் (கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நார் குத்தும்). சொட்டச் சொட்ட ஈரம் இருந்தால் வந்த சூட்டை அதுவே தின்றுவிடும். பிழிந்த நாரைத் தெர்மாமீட்டர் முனையைச் சுற்றிப் பொத்திவைத்து, மறுபடி பாட்டிலுக்குள் விட்டு மூடுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

எனக்கு 31-இல் ஆரம்பித்து பத்து நிமிடத்துக்குள் 36 தொட்டது. பாட்டிலின் உள்பக்கம் வியர்த்தது, பாலித்தீன் லேசாக உள்ளே குழிந்தது, உள்ளிருக்கும் ஆக்சிஜனை இரும்பு இழுத்துக்கொள்வதால். இன்னொரு நாரை வெறும் தண்ணீரில் நனைத்து இதே மாதிரி செய்து பார்த்தால் வித்தியாசம் புரியும்.

பிள்ளைகள் உடனே அடுத்தது கேட்பார்கள். சுட்ட சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்குமே, அதைச் செய்யலாமா என்று. வேண்டவே வேண்டாம், நீற்றுகிற சுண்ணாம்பு தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதற்குப் பதில் நெய்வேலியைச் சொல்லுங்கள். அங்கே எடுக்கிற பழுப்பு நிலக்கரியைக் குவித்துவைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெதுவாகச் சேர்ந்து உள்ளுக்குள்ளேயே சூடாகும், சூடு வெளியேற வழியில்லாவிட்டால் தானாகவே புகைய ஆரம்பிக்கும். உங்கள் பாட்டிலில் நடப்பதும் அதே ஜாதிதான், அளவு மட்டும் சின்னது.

முடிந்ததும் நாரைப் பாட்டிலிலேயே இறுக்கி மூடி எடுத்துவைக்காதீர்கள். மிச்சமிருக்கும் வினிகர் இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயு விடும். தண்ணீரில் அலசி, ஒரு பழைய தட்டில் போட்டு அடுப்படிக்கு வெளியே இரண்டு நாள் விட்டுவிட்டுக் குப்பையில் போடுங்கள்.