பிளக் மாத்துனதுக்கு அப்புறம் இஞ்சின் தட்டுதா? ஒர்க்‌ஷாப் போறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

ஸ்பார்க் பிளக் மாத்துற வரைக்கும் அமைதியா ஓடுன கார், மாத்துன கையோட மேடு ஏறும்போது கடகடன்னு தட்ட ஆரம்பிச்சா யாருக்கும் வயித்துல புளியக் கரைக்கும், அதுவும் நம்ம சிங்கப்பூர்ல சிஓஇ (கார் வச்சுக்க ஏலத்துல எடுக்கற அனுமதிச் சான்று) கட்டி வாங்குன கார்னா கேக்கவே வேணாம். ஆனா நேத்து வரைக்கும் இல்லாத சத்தம் இன்னைக்கு வருதுன்னா காரணம் பெரும்பாலும் நேத்து கை வச்ச இடத்துலதான் இருக்கும். இஞ்சின் போச்சுன்னு யாராவது சொன்னா உடனே நம்பிடாதீங்க. செலவில்லாததுல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு போவோம்.

மொதல்ல, அது நாக்கிங்தானா?

பிளக் பத்த வச்ச நெருப்பு சிலிண்டர்ல ஒரு பக்கமிருந்து பரவிட்டு வரும்போது, ஓரத்துல மிச்சமிருக்கிற பெட்ரோல் காத்து கலவை சூடும் அழுத்தமும் தாங்காம தானாவே வெடிக்குது பாருங்க, அதான் நாக்கிங். அதனால இஞ்சின் மேல பாரம் ஏறும்போதுதான் பெரும்பாலும் கேக்கும். இத சோதிக்க நம்ம வீவக (அரசு அடுக்குமாடி வீடு) பலமாடி கார் பார்க் ராம்ப்பே போதும். இஞ்சின் நல்லா சூடானப்புறம் ரேடியோவ அணைச்சு, ஜன்னல இறக்கிட்டு, மெதுவா ஏத்துங்க. கால அழுத்துன உடனே தகர டப்பாவுல கோலிகுண்டு குலுக்குற மாதிரி சத்தம் வந்து, கால எடுத்ததும் நின்னுட்டா அது நாக்கிங்தான்.

நிறுத்தி வச்ச இடத்துலயே டிக்டிக்குன்னு கேட்டு, ரேஸ் பண்ணா வேகமாகுதுன்னா சரியா இறுக்காத பிளக் ஓரமா காத்து கசியலாம். வண்டி குலுங்கி செக் இஞ்சின் லைட் மின்னுதுன்னா அது மிஸ்ஃபயர், அதாவது கலவை சரியா பத்தல, அப்படியே ஓட்டிட்டு இருந்தா கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகைய சுத்தம் பண்ற பாகம்) போயிடும், நிறுத்திடுங்க. அடியில இருந்து கனமா டங் டங்குன்னு வந்தா டிப்ஸ்டிக்க எடுத்து ஆயில் பாருங்க, ஓட்டவே ஓட்டாதீங்க, அது பிளக் விஷயம் இல்ல.

நம்பர பாருங்க

பிளக் வந்த டப்பாவ தூக்கிப் போட்டிருந்தாலும் பிளக் மேலயே எழுதியிருக்கும். உதாரணமா என்ஜிகே பிகேஆர்6இ-11 எடுத்துக்குங்க. அதுல 6ங்கறது ஹீட் ரேஞ்ச், அதாவது பிளக் சூட்ட எவ்ளோ சீக்கிரம் வெளிய விடும்ங்கற அளவு, கடைசி 11 வந்து கேப், அதாவது பொறி தாவுற இடைவெளி, 1.1 மில்லிமீட்டர்னு அர்த்தம். என்ஜிகே, டென்சோ ரெண்டுலயும் நம்பர் ஏற ஏற பிளக் கோல்ட் (சூட்ட சீக்கிரம் விடும்), பாஷ்ல அப்படியே தலைகீழ். டென்சோ 20ன்னு போட்டா அது என்ஜிகே 6க்கு சமம், ஆக பிராண்ட் மாத்துறவங்க நம்பர மட்டும் வச்சு வாங்குனா மாட்டிக்குவாங்க. ரொம்ப ஹாட்டான பிளக்கோட நுனி சூட்டோடவே நின்னு, பொறி வர்றதுக்கு முன்னாடியே கலவைய பத்த வச்சிடும். பழைய பிளக்கயும் புதுசயும் பக்கத்துல வச்சு மரை நீளத்தயும் பாத்துக்குங்க, 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்துல 26.5 போட்டா பிஸ்டன்ல இடிக்கற ஆபத்து இருக்கு.

இறுக்கம், இங்கதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க

பிளக்கோட சூடு பெரும்பகுதி மரை வழியாவும் வாஷர் வழியாவும்தான் சிலிண்டர் ஹெட்டுக்கு போகுது. லூசா இருந்தா சூடு போக வழியில்லாம நுனி பழுத்துடும், சரியான நம்பர் பிளக்கா இருந்தாலும் தட்டும். அதுக்குன்னு மூச்ச பிடிச்சு இறுக்குனா அலுமினிய ஹெட்ல மரை போயிடும், அது பெரிய செலவு.

இஞ்சின் முழுசா ஆறட்டும், சூட்டோட கழட்டாதீங்க. பிளக் மேல இருக்கற இக்னிஷன் காயில (பொறிக்கு கரன்ட் குடுக்கறது) எடுத்துட்டு பிளக் குழிக்குள்ள இருக்கிற தூசிய காத்தடிச்சு சுத்தம் பண்ணிட்டு ஒவ்வொண்ணா கழட்டி நுனிய வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க. லேசான பழுப்பு நிறம்னா நல்லது. வெள்ளை வெளேர்னு கொப்புளம் மாதிரி இருந்தா ரொம்ப சூடாகுது. வெள்ளை பீங்கான்ல மிளகுத்தூள் தூவுன மாதிரி கருப்பா, மினுமினுன்னு பொடிப்புள்ளி ஒட்டியிருந்தா நாக்கிங் நிஜமாவே நடந்திருக்கு. பீங்கான்ல கீறல் இருந்தாலோ, கீழ விழுந்த பிளக்கா இருந்தாலோ யோசிக்காம மாத்திடுங்க. கேப் பாக்கணும்னா கம்பி கேஜ்தான், இரிடியம் பிளக்ல காசு மாதிரி இருக்கற வட்ட கேஜ விட்டு நெம்பாதீங்க, நுனி ரொம்ப மெல்லிசு.

திரும்பப் போடும்போது கையாலயே திருகுங்க, குழி ஆழமா இருந்தா ஒரு ரப்பர் ஹோஸ் துண்ட மாட்டித் திருகலாம், மரை குறுக்க ஏறுனா ஹோஸ் வழுக்கிடும், அதனால பயமில்ல. வாஷர் உக்காந்ததும் புது பிளக்குக்கு அரை சுத்துல இருந்து முக்கால் சுத்துக்கு கொஞ்சம் கம்மி, ஒரு தடவ இறுக்குன பிளக்குக்கு சும்மா பன்னெண்டுல ஒரு பங்கு சுத்து. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்த அளந்து காட்டுற ரெஞ்ச்) இருந்தா 14 மில்லிமீட்டர் மரைக்கு பொதுவா 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12க்கு 15 முதல் 20, ஆனா உங்க கார் மேனுவல் சொல்றதுதான் கடைசி வார்த்தை. மரைக்கு ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிக்காம இருக்க தடவுற பசை) தடவாதீங்க, அத தடவுனா தெரியாமயே அதிகமா இறுக்கிடுவீங்க, என்ஜிகேயே வேணாம்னுதான் சொல்லுது.

கழட்டுனதெல்லாம் மாட்டியாச்சா?

காயில் கனெக்டர் ஒவ்வொண்ணும் க்ளிக்னு உக்காரணும். வழியில இருந்த ஏர் பாக்ஸ் குழாய், வேக்யூம் ஹோஸ், காத்தளவு சென்சார் ஒயர் எல்லாத்தயும் விரலால தடவிப் பாருங்க. ஒரு ஹோஸ் நழுவியிருந்தா கணக்குல வராத காத்து உள்ள போகும், கலவை லீனாகும் (பெட்ரோல் கம்மி, காத்து அதிகம்), தட்டும். ஓபிடி ரீடர் (காரோட கம்ப்யூட்டர்ல இருக்கற கோளாறு கோட படிக்கிற கருவி) வச்சிருந்தா பி0171 வந்தா லீன், பி0325 வந்தா நாக் சென்சார் பக்கம் போங்க. டிஸ்ட்ரிபியூட்டர் வச்ச பழைய கார்னா ஒயர் வரிசைய பாருங்க, நாலு சிலிண்டர் வண்டில பத்துற வரிசை பெரும்பாலும் 1-3-4-2.

பெட்ரோல்

பெட்ரோல் டேங்க் மூடிக்கு உள்பக்கம் எந்த ஆக்டேன் பெட்ரோல்னு ஸ்டிக்கர் இருக்கும். 95 கேக்குற வண்டிக்கு 92 போட்டா பிளக்க குத்தம் சொல்லி பிரயோஜனமில்ல. மலேசியா ஜோகூர்ல போடுறவங்களுக்கு எப்படியும் 97தான், சிங்கப்பூர் நம்பர் வண்டிக்கு அங்க 95 போடக் கூடாது. சந்தேகம்னா அடுத்த டேங்க் 98 போட்டு அதே ராம்ப்ல ஏத்திப் பாருங்க. சத்தம் நின்னா உள்ள கார்பன் படிஞ்சிருக்கலாம்.

இவ்ளோ பாத்தும் தட்டுனா இஜிஆர் வால்வு (புகைல ஒரு பங்க திரும்ப இஞ்சினுக்குள்ள விடுறது), கூலிங், டைமிங்னு போகுது, அதுக்கு ஒர்க்‌ஷாப் நிறைஞ்ச சின் மிங்கோ காக்கி புக்கிட்டோ போயிடுங்க. பழைய பிளக் ஒவ்வொண்ணுலயும் எந்த சிலிண்டர்ல இருந்து வந்ததுன்னு மார்க்கர்ல எழுதி கையோட எடுத்துட்டுப் போங்க, மெக்கானிக் அத பாத்தே எங்க கை வைக்கணும்னு சொல்லிடுவாரு.