ஊருக்குப் போகும்போது மருந்தும் மருந்துக்கடையும்

வெளிநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டுத் தமிழ்நாட்டுக்கு விடுமுறையில் வருபவர்களை மருந்துக்கடையின் வேகம் வியக்க வைக்கும். லண்டனிலோ டொராண்டோவிலோ சீட்டைக் கொடுத்துக் காத்திருந்து, தம் பெயரும் உட்கொள்ளும் முறையும் அச்சிட்டு ஒட்டிய மருந்தைப் பெற்றுப் பழகியவர்கள், இங்கே தெருமுனை மெடிக்கலில் பெயரைச் சொன்ன மறுநிமிடமே மாத்திரை அட்டை கைக்கு வந்துவிடுவதைக் காண்பார்கள். இந்த வேகத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. இரவில் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு வீட்டருகிலேயே மருந்து கிடைப்பது பெரிய ஆறுதல். ஆனால் நீங்கள் ஏற்கெனவே எடுத்துவரும் மருந்துகளோடு புதியது ஒத்துப்போகுமா, அளவு சரிதானா என்று அங்கே மருந்தாளுநர் பார்த்துத் தந்த சரிபார்ப்பு, இங்கே பெரும்பாலும் உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. உங்கள் மருந்து வரலாறு இந்தக் கடையின் ஏட்டில் இல்லை. அதை நீங்கள்தான் கையோடு கொண்டுவர வேண்டும்.

ஆகவே பயணத்துக்கு முன்பே ஒரு தாளில் ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயரையும், அளவையும், வேளையையும் எழுதிக்கொள்ளுங்கள். வணிகப்பெயர் மட்டும் போதாது. அமெரிக்காவில் டைலெனால், பிரான்சில் டோலிப்ரான், ஆஸ்திரேலியாவில் பனடால் என்று வாங்குவதெல்லாம் இங்கே டோலோ, கால்பால் போன்ற பெயர்களில் விற்கும் பாராசிட்டமால்தான். மூலப்பெயரே நாட்டுக்கு நாடு மாறுவதும் உண்டு: பாராசிட்டமாலை அமெரிக்காவிலும் கனடாவிலும் அசெட்டமினோஃபென் என்பார்கள், அமெரிக்கர்களின் ஆல்பியூட்டரால் இங்கே சால்பியூட்டமால், எபிநெஃப்ரின் இங்கே அட்ரினலின், கிளைபுரைடு இங்கே கிளிபென்கிளமைடு. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். இந்தியாவில் அதே நோக்கத்துக்கு அசெனோகுமரால் என்ற வேறொரு மருந்தையும் பரவலாகத் தருகிறார்கள். இரண்டின் அளவும் ஒன்றல்ல என்பதால், ஒன்றுக்கு மற்றொன்றைக் கடையிலேயே மாற்றிக்கொள்ளக் கூடாது. வார்ஃபரின், தைராய்டு மாத்திரை, வலிப்பு மருந்து போன்றவற்றைப் பயணக் காலத்துக்கும் மேலே இரண்டு வாரத்துக்கும் போதுமான அளவு, கடைப் பெட்டியோடும் மருத்துவரின் கடிதத்தோடும் கைப்பையில் எடுத்து வருவதே நல்லது.

இங்கே கடையில் தரும் மாத்திரை அட்டையில் உங்கள் பெயர் இருக்காது. உறையின் மேலோ அட்டையின் பின்புறமோ பேனாவால் 1-0-1 என்று எழுதித் தருவார்கள். காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்பது அதன் பொருள். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதை நீங்களாகவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். அவ்வாறு வெட்டும்போது காலாவதித் தேதி அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிடக்கூடும். தேதியைப் பார்த்த பிறகு வாங்குங்கள், அல்லது முழு அட்டையையே வாங்குங்கள். அட்டையில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச விலையில் வரியும் அடங்கும். அதற்கு மேல் எதுவும் தர வேண்டியதில்லை. பில் கேட்டு வாங்கி வைத்தால் பயணக் காப்பீட்டுக்கும், திரும்பும்போது சுங்கத்திலும் உதவும்.

இன்சுலின் போடுபவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன். மேலைநாடுகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு கொண்ட இன்சுலினே வழக்கம். இந்தியாவில் மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட குப்பிகளும் பரவலாகப் புழங்குகின்றன. அவற்றுக்கென்று தனி ஊசிகள் உண்டு. 40 அலகு ஊசிக்குச் சிவப்பு மூடியும் 100 அலகு ஊசிக்கு ஆரஞ்சு மூடியும் வழக்கம். நிறத்தை மட்டும் நம்பாமல் ஊசியின் மேல் அச்சிட்ட எண்ணையும் குப்பியின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 100 அலகு மருந்தை இங்கே வாங்கிய 40 அலகு ஊசியில் 10 என்ற கோடு வரை ஏற்றினால், உடம்புக்குள் செல்வது 10 அலகு அல்ல, 25 அலகு. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரவும் உயிருக்கே ஆபத்து நேரவும் இது போதும். மாறாக, இங்கே வாங்கிய 40 அலகு மருந்தை அங்கிருந்து கொண்டுவந்த 100 அலகு ஊசியில் அதே கோடு வரை ஏற்றினால் 4 அலகுதான் செல்லும். பேனா வடிவ இன்சுலின் கருவியில் இடப்படும் 3 மில்லிலிட்டர் குழல்கள் பொதுவாக 100 அலகு கொண்டவை என்பதால், பேனா பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு.

வெப்பமும் இன்சுலினுக்குப் பகை. திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் இருக்க வேண்டும். உறைந்துபோனால் பயன்படாது என்பதால், விமானத்தில் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கக் கூடாது. பயன்பாட்டில் உள்ள குப்பியை மருந்துப் பெட்டியில் குறித்த வெப்பத்துக்கு மிகாமல் ஏறத்தாழ நான்கு வாரம் வெளியே வைக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் மின்சாரம் நின்ற கிராமத்து வீட்டுக்குள் அந்த வெப்ப வரம்பை எளிதில் தாண்டிவிடும். அங்கே மண்பானை உதவும். ஒரு பெரிய பானைக்குள் சிறிய பானையை இறக்கி, இடைவெளியில் ஈர மணலை நிரப்பி, குப்பியை நீர் புகாத டப்பாவில் போட்டு உள்பானையில் வைத்து மூடி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வைத்தால், அறையைவிடச் சில பாகை குளிர்ச்சி கிடைக்கும். மண்பாண்டம் வனைவதைப் பொழுதுபோக்காகப் பழகியவர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும்: மெருகு பூசாமல் குறைந்த வெப்பத்தில் சுட்ட மண்ணில் நுண்துளைகள் இருக்கும், அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. உயர் வெப்பத்தில் சுட்டு மெருகேற்றிய அழகான ஜாடி இதற்கு உதவாது. மானாமதுரைப் பானை போன்ற சாதாரணத் தண்ணீர்ப் பானையே போதும். மதுரை, திருச்சி போன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில் பலன் நன்றாக இருக்கும். ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊர்களில் குறைவு. எவ்வாறாயினும் பானை குளிர்பெட்டிக்கு ஈடாகாது. கையிருப்பில் உள்ள திறக்காத குப்பிகளை அதில் வைக்காதீர்கள்.

சர்க்கரை அளவைச் சொல்லும் அலகும் வேறு. கனடாவிலும் பிரிட்டனிலும் மில்லிமோல் கணக்கு; இங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. உங்கள் கருவி 9 என்று காட்டுவதை 18ஆல் பெருக்கி 162 என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். என் அம்மா ஒருமுறை வெறுமனே 9 என்று சொல்லிவிட, கேட்டவர்கள் அதை மில்லிகிராம் கணக்கென்று எண்ணிப் பதறிப்போனார்கள்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்ற எண்ணம் சட்டப்படி சரியல்ல. இந்திய மருந்து விதிகளின் அட்டவணை எச், எச்1 ஆகியவற்றில் உள்ள மருந்துகளை இந்தியாவில் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 பட்டியலில் பல நுண்ணுயிர்க்கொல்லிகள் அடங்கும். அவற்றை வாங்குபவரின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் கடை பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் யாரேனும் எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அருகிலுள்ள மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவதற்கு அதிக நேரம் ஆகாது. உடம்பு வலிக்கிறது என்றால் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையைத் தருவது இங்கே சகஜம். காய்ச்சலுக்குத் தனியாகப் பாராசிட்டமால் எடுத்துக்கொண்டிருந்தால் இரண்டிலும் உள்ள பாராசிட்டமால் கூடிவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பதே உச்ச வரம்பு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களும் இந்தக் கலவையை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சிறு குழந்தைகளுக்கு இருமல் மருந்து வாங்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். பிரிட்டனிலும் கனடாவிலும் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததை அடுத்து, தமிழ்நாட்டில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு கண்டறியப்பட்டுத் தடை விதிக்கப்பட்டது. வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைத் தூள் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று குறித்த பொட்டலத்தைக் கேளுங்கள். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஒரே நேரத்தில் கரைக்க வேண்டும். டம்ளருக்கு ஒரு கரண்டி என்று பிரித்தால் உப்பின் அளவு பிசகும்.

நீண்ட நாள் தங்குபவர்கள் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களையும், 2025 பிப்ரவரியில் மாநில அரசு 1,000 இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களையும் பார்க்கலாம். அங்கே மூலப்பெயரில் வரும் மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. நீங்கள் எழுதிவந்த தாள் அங்கே மிகவும் பயன்படும்.

விலை மலிவாக இருக்கிறதென்று ஆண்டு முழுமைக்கும் மருந்து வாங்கிக்கொண்டு திரும்புபவர்கள் பலர். கனடாவில் சொந்தப் பயன்பாட்டுக்கு 90 நாளுக்கு மேற்படாத அளவையே, கடையில் தந்த உறையோடு அனுமதிப்பார்கள். அமீரகத்திலோ சிங்கப்பூரிலோ இறங்கிச் சில நாள் தங்குவதாக இருந்தால், கோடீன் கலந்த மருந்துகளுக்கும் சில தூக்க மாத்திரைகளுக்கும் முன் அனுமதி தேவைப்படலாம் என்பதால், அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் பட்டியலைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.