பூட் ஆனால் போதுமா? கெர்னல் பேட்ச் அனுப்பும் முன் நடக்கும் தவறுகள்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பேட்ச் (புரோகிராமில் செய்யும் மாற்றம்) எழுதப் பழகுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். புரோகிராம் கோடை மாற்றி, கம்பைல் செய்து, மெஷின் பூட் ஆனதும் ரிவ்யூவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மாற்றிய வரி ஒருமுறையாவது ஓடியதா? அந்த டிரைவர் உங்கள் கன்ஃபிக்கில் (கெர்னலில் எவை சேர வேண்டும் என்ற பட்டியலில்) ஆன் ஆகியிருக்கிறதா? முதலில் இதைப் பாருங்கள். செக்பேட்ச் ஸ்கிரிப்ட் குறை சொல்லவில்லை என்பதும் சான்றாகாது. அது முக்கியமாக எழுத்து நடையைத்தான் பார்க்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, டீபக் ஆப்ஷன்கள் (தவறைக் கண்டுபிடிக்கும் சோதனைகள்) இல்லாத கெர்னலில் சோதிப்பது. ஸ்பின்லாக்கை (மற்றவர் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) பிடித்தபடி, காத்திருக்கவும் அனுமதிக்கும் ஜிஎஃப்பி_கெர்னல் போட்டு மெமரி கேட்கிறீர்கள் என்று வையுங்கள். மெமரி உடனே கிடைக்காவிட்டால் அந்த அழைப்பு தூங்கப் போகும், அதாவது சிபியுவை விட்டுவிட்டுக் காத்திருக்கும். ஸ்பின்லாக் கையில் இருக்கும்போது தூங்கவே கூடாது. உங்கள் லேப்டாப்பில் ரேம் தாராளமாக இருப்பதால் ஒன்றும் தெரியாது. மெமரி தட்டுப்பாடான சர்வரில் வெடிக்கும். கன்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் ஆன் செய்திருந்தால், உண்மையில் தூங்காவிட்டாலும் அந்த வரி ஓடியதுமே கெர்னல் லாகில் எச்சரிக்கை வந்துவிடும். லாக்குகளை வரிசை மாற்றி எடுப்பதை, டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்து எல்லாம் நின்றுபோவது) நிகழும் முன்பே கன்ஃபிக்_புரூவ்_லாக்கிங் காட்டிக்கொடுக்கும். விடுவித்த மெமரியைத் தொட்டால் காசான் என்ற மெமரிப் பிழை கண்டறியும் வசதி பிடிக்கும். இவற்றால் வேகம் குறையும்தான். அதனால் கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் இதற்கென்று தனி கெர்னல் வைத்துக்கொள்ளுங்கள்.

64 பிட்டில் மட்டும் கம்பைல் செய்து நிறுத்துவதும் வழக்கமான தவறு. யூ64 (குறியில்லா 64 பிட்) எண்ணை இன்னொரு மாறியால் சாதாரண வகுத்தல் குறி போட்டு வகுத்தால் எக்ஸ்86-64இல் சிக்கலே இல்லை. 32 பிட் எக்ஸ்86இல் லிங்க் ஆகும்போது '__யூடிவ்டிஐ3' என்ற வகுத்தல் ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். கெர்னல் அங்கே கம்பைலரின் துணை லைப்ரரியைச் சேர்த்துக்கொள்வதில்லை. வகுக்கும் எண் 32 பிட் என்றால் டிவ்_யூ64, 64 பிட் என்றால் டிவ்64_யூ64 பயன்படுத்துங்கள்.

எரர் பாதைகளை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். டிரைவர் கருவியைத் தொடங்கி வைக்கும் புரோப் பாதியில் தோற்றால் எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்கிறோமா? ஃபெயில்ஸ்லாப் வசதியால் மெமரி கேட்பதை வேண்டுமென்றே தோற்கடித்துப் பார்க்கலாம்.

பல பேட்ச் கொண்ட தொடரில் கடைசி நிலையை மட்டும் கம்பைல் செய்யாதீர்கள். நடுவில் ஒன்று உடைந்திருந்தால், பின்னால் கிட் பைசெக்ட் செய்பவர் (பிழை எந்தப் பேட்சில் வந்தது என்று பாதி பாதியாகத் தேடுபவர்) அங்கே மாட்டிக்கொள்வார். கிட் ரீபேஸின் எக்ஸெக் ஆப்ஷன் ஒவ்வொரு பேட்சுக்கும் மேக் (கம்பைல் செய்யும் கட்டளை) ஓட்டிவிடும்.

ரிவ்யூவில் சொன்ன சின்னத் திருத்தத்தைச் செய்து இரண்டாம் பதிப்பு அனுப்பும்போதும் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள். ஹார்டுவேர் கையில் இல்லையென்றால், கம்பைல் மட்டுமே செய்து பார்த்தேன் என்று பேட்சில் உள்ள மூன்று கோடுகளுக்குக் (---) கீழே எழுதிவிடுங்கள். அந்தக் கருவி வைத்திருக்கும் ஒருவர் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வழி பிறக்கும்.