புதிய பணியாளருக்கு முதல் வாரம்: கிராமப்புற மருத்துவமனைக்கான அறிமுகப் பயிற்சி

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாலுகா மருத்துவமனையிலும் ஆள் பற்றாக்குறை என்பதால், புதிதாக வரும் பன்னோக்குப் பணியாளரையும் தூய்மைப் பணியாளரையும் சேர்ந்த அன்றே வேலையில் இறக்கிவிடுவது வழக்கம். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் சேரும்போதே பயிற்சி தர வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் கட்டாயம். ஒப்பந்த ஊழியருக்கும் இதேதான்.

ஆகவே முதல் நாள் முதல் வேலை தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. அடுத்த தேதிகளை வருகைப் பதிவேட்டிலேயே குறித்துவிடுங்கள்; தனிச் சீட்டு தொலைந்துபோகும்.

அடுத்தது ஊசிக் குத்து. தூய்மைப் பணியாளரை ஊசி குத்துவது பெரும்பாலும் பையைத் தூக்கும்போதுதான். யாரோ அவசரத்தில், பிளாஸ்டிக் கழிவுக்கான சிவப்புப் பையில் போட்ட ஊசி அது. பையைக் காலால் மிதித்து அமுக்கக் கூடாது, உடம்போடு அணைத்துத் தூக்கக் கூடாது, உள்ளே கைவிட்டுத் தேடக் கூடாது. முக்கால் பங்கு நிரம்பியதும் கட்டி, கழுத்தைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். குத்திவிட்டால் காயத்தைக் கழுவ சோப்பும் ஓடும் நீரும் போதும். பிதுக்குவதும் வாயில் வைப்பதும் பிளீச் ஊற்றுவதும் தவறு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. அந்த மருந்து உங்களிடம் இல்லையென்றால் எங்கே கிடைக்கும், இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கழிவைப் பிரிக்கும் நான்கு நிறங்களை மனப்பாடம் செய்யச் சொன்னால் பத்து நாளில் மறந்துவிடும். காரணத்தோடு சொல்லுங்கள். மஞ்சள் எரிக்கப் போவது: ரத்தம் பட்ட பஞ்சு, துணி, நஞ்சுக்கொடி. சிவப்பு, கிருமிநீக்கித் துண்டாக்கி மறுசுழற்சிக்குப் போவது: டியூப், யூரின் பை, கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்ச். பிளாஸ்டிக்கை மஞ்சளில் போட்டால் எரியும்போது நச்சுப்புகை வரும். கூரானவை வெள்ளைப் பெட்டிக்கு, கண்ணாடிக் குப்பிகள் நீலத்துக்கு. நஞ்சுக்கொடி, ரத்தம் பட்ட கழிவு போன்றவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

அதிகம் தவறுவது கிருமி கொல்லும் ஹைப்போகுளோரைட் (பிளீச்) கரைசலில்தான். 'ரெண்டு மூடி ஊத்து' என்பது அளவே இல்லை. கேனில் 5 சதவீதமா 10 சதவீதமா என்று முதலில் பார்க்க வேண்டும். 1 சதவீதக் கரைசல் ஒரு லிட்டருக்கு, 5 சதவீதம் என்றால் 200 மி.லி. மருந்தும் 800 மி.லி. தண்ணீரும், 10 சதவீதம் என்றால் 100, 900. மக்கில் பெயின்ட்டால் கோடு போட்டுக் கொடுங்கள். தினமும் காலையில் புதிதாகக் கலந்து மூடி, வெயில் படாமல் வைக்க வேண்டும். பழையது வீரியம் இழந்துவிடும். கழிப்பறை ஆசிடோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். இதை மட்டும் தினமும் ஒருமுறை சொன்னாலும் தகும்.

ரத்தம் சிந்தினால்: கையுறை போட்டு, சிந்திய இடத்தைத் துணியால் மூடி, அதன்மேல் கரைசலை ஊற்றிக் குறைந்தது 10 நிமிடம் விட வேண்டும். துணியை மஞ்சளில் போட்டபின் மறுபடி கரைசலால் துடைக்கலாம். எடுத்த எடுப்பில் மாப் போட்டால் கிருமி வார்டு முழுக்கப் பரவும்.

ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பணியாளர்தான் உருட்டி வருகிறார், எனவே கணக்கும் அவருக்குத் தெரிய வேண்டும். சிறிய பி டைப் சிலிண்டர் ஏறத்தாழ 10 லிட்டர் கொள்ளளவு. மீட்டர் 'பார்' (bar) அளவில் காட்டும் அழுத்தத்தைப் பத்தால் பெருக்கினால் மீதமுள்ள லிட்டர். 150 காட்டினால் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் ஐந்து மணி நேரம். 50 காட்டினால் 100 நிமிடம்தான், அடுத்ததைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். வால்வைத் திறக்கும் கையில் எண்ணெய், கிரீஸ் இருக்கக் கூடாது, தீப்பற்றும். மெதுவாகத்தான் திறக்க வேண்டும்.

ஏழாம் நாள் எழுத்துத் தேர்வு வேண்டாம். கேனையும் மக்கையும் கொடுத்து 3 லிட்டர் கலக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் மீட்டரைக் காட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேளுங்கள். தவறினால் அந்தப் பகுதியை மட்டும் திரும்பக் கற்றுக்கொடுத்து, சரியாகச் செய்யும்வரை இரவுப் பணிக்குத் தனியாக அனுப்பாதீர்கள்.