லாவென்டில் அங்கோஸ்டுரா ஆலை: ரம்மையும் பிட்டர்ஸையும் மூக்கால் பார்த்து வர ஒரு வழிகாட்டி

டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் கிழக்கு ஓரம் லாவென்டில். உலகத்தில் எந்த மதுக்கூடத்துக்குப் போனாலும் கண்ணில் படும் அந்தப் பெரிய லேபிள் ஒட்டிய பிட்டர்ஸ் பாட்டில் இங்கிருந்துதான் வருகிறது. பிட்டர்ஸ் என்பது பானத்தில் சில சொட்டு சேர்க்கும் கசப்பான மூலிகைச் சாரம். ரம்மும் இதே வளாகத்தில்தான். வருகிறவர்களில் பலர் கடைசியில் கிடைக்கும் ருசிபார்ப்புக்காகவே காத்திருந்து, நடுவில் உள்ளதையெல்லாம் கோட்டைவிடுகிறார்கள். இங்கே நாக்கைவிட மூக்குக்குத்தான் வேலை. அதைக் கெடுக்காமல் கொண்டுபோவதுதான் முதல் தயாரிப்பு.

அன்று காலை சென்ட் வேண்டாம், வாசனைத் தைலம் வேண்டாம். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். தெருவோரம் விற்கும் டபுள்ஸ் (பொரித்த ரொட்டிக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறி) இரண்டு சாப்பிட்டால் வயிறு தாங்கும். ஆனால் மிளகாய் சாஸ் போடாமல் கேளுங்கள். 'ஸ்லைட்' என்று சொல்லிக் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டாலும் நாக்கு மரத்துவிடும். காலில் மூடிய ஷூ கட்டாயம். ஈரமான தரை, இரும்புப் படிகள், குழாய்கள் உள்ள இடத்துக்குச் செருப்பு சரிப்படாது.

முன்பதிவு இல்லாமல் வாசலில் போய் நிற்க வேண்டாம். வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முந்தைய நாள் ஒருமுறை கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் கார்னிவல். ஊரே தெருவில் இருக்கும், அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. லாவென்டிலில் நடந்து சுற்ற வேண்டாம். எண் பலகை 'எச்' எழுத்தில் தொடங்கும் வண்டிதான் முறையான வாடகை வண்டி. 'பி' என்றால் சொந்தக் கார். திரும்பி அழைத்துப் போகவும் அதே வண்டியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்தில் கதையின் நூலைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரின் படையில் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் யோஹான் சீகர்ட், 1824-ல் வெனிசுவேலாவின் அங்கோஸ்டுரா என்ற ஊரில் பிட்டர்ஸைத் தயாரித்தார். அந்த ஊரின் இன்றைய பெயர் சியுதாத் பொலிவார். 1875-ல் அவர் மகன்கள் தொழிலை டிரினிடாடுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கோஸ்டுரா என்பது ஊர்ப் பெயர்தான். அதே பெயரில் உள்ள மரப்பட்டை இதில் சேர்வதில்லை. மால்கம் பார்கன்ட் சேகரித்த பட்டாம்பூச்சிகளும் இந்த வளாகத்தில் இருக்கின்றன. அவற்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

பிட்டர்ஸ் பகுதிக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்தி மூச்சை இழுத்துப் பாருங்கள். கிராம்பும் பட்டையும் போன்ற ஒரு நெடி முதலில் வரும், அடியில் வேரின் மண்வாசனை. செறிந்த ஆல்கஹால் மூலிகைகளின் சாரத்தை இழுக்கிறது. பிறகு சர்க்கரையும் நிறமும் நீரும் சேர்ந்து ஆல்கஹால் 44.7 சதவீதத்தில் நிற்கிறது. ஜென்ஷியன் என்ற கசப்பு வேர் இதில் சேர்வது லேபிளிலேயே இருக்கிறது. மற்ற மூலிகைகளைக் கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள், சொல்ல மாட்டார்கள்.

வடிப்புப் பகுதியில் வழிகாட்டி சொன்னால் போனை அணைத்துவிடுங்கள். ஆல்கஹால் ஆவி ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். சுற்றிலும் கரும்புக் காடு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கியது அந்தக் கரும்புக்காகத்தான். சென்னையில் கப்பலேறிய தமிழரும் அவர்களில் உண்டு. ஆனால் அரசு சர்க்கரை நிறுவனம் 2003-ல் மூடப்பட்டது. இன்று ரம்முக்கான மொலாசஸ், அதாவது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகு, வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதை நீர்க்கவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிட்டு, உயரமான வடிகலன்களில் ஏற்றுகிறார்கள். ஒரே கலனோடு நின்றால் கனமான ரம். பல கலன்கள் தாண்டினால் லேசான ரம். இரண்டையும் கலப்பதில்தான் கைத்திறன். வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அந்தக் கலவையைப் பற்றித்தான்.

ருசிபார்க்கும்போது வெள்ளை ரம்மில் தொடங்கி 5 வருடம், 7 வருடம், 1919, 1824 என்று ஏறுங்கள். கடைசி இரண்டும் வயதல்ல. 1824 பிட்டர்ஸ் பிறந்த ஆண்டு. 1932-ல் அரசுக் கிடங்கு தீப்பிடித்தபோது மிஞ்சிய ரம் பீப்பாய்களை ரம் தொழில் செய்த ஃபெர்னாண்டஸ் குடும்பம் வாங்கியது. அவை நிரப்பப்பட்ட ஆண்டு 1919. நிறத்தை வைத்து வயதைக் கணிக்காதீர்கள், ரம்மில் கேரமல் சேர்ப்பது உண்டு.

கிளாஸுக்குள் மூக்கை நுழைத்தால் ஆல்கஹால் சுட்டு, அடுத்த கிளாஸே தெரியாமல் போகும். தாடைக்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்து, சிறிதாக முகருங்கள். ஒரு டீஸ்பூன் அளவு உறிஞ்சிப் பத்து நொடி வாயில் வையுங்கள். முதல் மிடறு நாக்கைப் பழக்கும், இரண்டாவதுதான் தீர்ப்பு சொல்லும். நடுவில் தண்ணீர்.

பிட்டர்ஸ் எப்போதும் கடைசி. முதலில் ருசித்தால் ரம் எதுவும் ஏறாது. புறங்கையில் இரண்டு சொட்டு விட்டு, தேய்த்து முகர்ந்து, பிறகு நக்குங்கள். கசப்பு தாமதமாக, அடிநாக்கில் வந்து உட்காரும். நிலவேம்புக் கஷாயம் பழகியவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. குடிக்கும் விதமாகப் பார்க்க, 250 மில்லி சோடாவில் அரை எலுமிச்சையும் ஐந்து டேஷும் போதும். பாட்டிலைக் கவிழ்த்து ஒரு உதறு உதறினால் விழுவது ஒரு டேஷ், ஒரு மில்லிக்குச் சற்றுக் குறைவு. அப்படியும் கிட்டத்தட்ட 2 மில்லி ஆல்கஹால் சேர்கிறது. மதுவை அறவே தொடாதவர்களும், ஆல்கஹாலோடு ஒத்துப்போகாத மாத்திரை எடுப்பவர்களும் இதைக் கணக்கில் கொள்ளவும்.

கடையில் வாங்கும்போது விமானத்தை நினையுங்கள். 4 அவுன்ஸ் பிட்டர்ஸ் பாட்டில் 118 மில்லி. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் அனுமதியில்லை என்பதால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். பெரிய பெட்டியில் போடுங்கள். 75 சதவீத பன்ச்சன் ரம்மை எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது, 70-க்கு மேல் விமானத்தில் தடை. இந்தியாவுக்குள் வரியின்றி 2 லிட்டர்தான். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஜிப் கவரில் போட்டு, அடர்நிறத் துணிகளுக்கு நடுவே வையுங்கள். பிட்டர்ஸ் கறை வெள்ளைத் துணியில் பட்டால் லேசில் போகாது.