புதுச்சேரிக்குக் கூட்டாக மிதிவண்டிப் பயணம்: விடியற்காலையில் செய்யும் தவறுகள்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர். பெரிய ஏற்றங்கள் இல்லாததாலும், சாப்பிடவும் இளைப்பாறவும் வழியெங்கும் ஊர்கள் இருப்பதாலும், முதன்முறையாக நீண்ட தூரம் செல்ல நினைக்கும் நண்பர் குழுக்கள் பெரும்பாலும் இந்தப் பாதையையே தேர்ந்தெடுக்கின்றன. ஆயினும் பாதையின் பிற்பாதியில் வரும் கடப்பாக்கத்தைத் தாண்டியதும் குழு சிதறுவதும், ஒருவர் சாலையோரம் உட்கார்ந்துவிடுவதும், முன்னே போனவர்கள் தொலைபேசியை எடுக்காததும் வழக்கமாக நடக்கின்றன. அதற்கு வெயிலையும் காற்றையும் குறை சொல்வார்கள். ஆனால் அங்கே வெளிப்படும் சிக்கல்களில் பலவற்றுக்கு, காலை ஏழு மணிக்கு முன்பே, உற்சாகத்தில் யாரும் கவனிக்காதபோது வித்திடப்பட்டிருக்கும்.

அவற்றுள் முதன்மையானது தொடக்க வேகம். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை சாலை சமமாகவும் காற்று குளிர்ச்சியாகவும் இருப்பதால், குழுவில் வலுவானவர் தம்மையறியாமல் 30 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கத் தொடங்குகிறார். மற்றவர்கள் பின்தங்கக் கூசி அவரைத் தொடர்கிறார்கள். மணிக்கு 24 கிலோமீட்டரிலிருந்து 30 கிலோமீட்டருக்கு வேகத்தைக் கூட்டினால், காற்றைக் கிழித்துச் செல்வதற்கு மட்டும் தேவைப்படும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பதைக் காலை நேரத்துக் கால்கள் உணர்வதில்லை. முன்னால் செல்பவரின் முதுகுக்குப் பின்னே காற்றின் தடை வெகுவாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மறைப்பிலிருந்து ஒருமுறை விலகிப்போனவர் மீண்டும் குழுவை எட்டிப்பிடிக்கத் தனியாக மிதிக்கும்போது வலுவை வெகுவாகச் செலவழித்துவிடுகிறார். ஆகவே வேகத்தை நிர்ணயிக்க வேண்டியவர் குழுவிலேயே மெதுவாகச் செல்பவர். அவரை வரிசையின் கடைசியில் விடாமல் இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் வைத்து, முன்னிலையை மற்றவர்கள் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வதே சரியான முறை.

இதனுடன் ஒட்டிய தவறு நேரக் கணக்கு. மணிக்கு 22 கிலோமீட்டர் என்று வைத்து, 150 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்தில் முடித்துவிடலாம் எனத் தாளில் எழுதுகிறவர்கள், காலை உணவு, தேநீர், பஞ்சர், மாமல்லபுரத்தில் எடுக்கும் படங்கள் ஆகியவற்றைச் சேர்ப்பதில்லை. நெடுந்தூர மிதிவண்டியோட்டத்தில் அனுபவமிக்கோர் பங்குபெறும் 200 கிலோமீட்டர் பிரெவேக்களுக்கே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டங்கள்) பதின்மூன்றரை மணி நேரம் அனுமதிக்கப்படுகிறது; அதாவது நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்குச் சராசரி 15 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் புதுச்சேரிக்குப் பத்து மணி நேரம் ஆகும். காற்றின் திசையையும் இதில் சேர்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று முதுகைத் தள்ளிக்கொடுக்கும். கோடையிலோ முற்பகலுக்குப் பின் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று எதிரே நிற்கும். ஏப்ரலில் ஆறரை மணிக்குக் கிளம்பலாம் என்று ஒரு குழு முடிவு செய்தால், அந்தக் குழு பிற்பகல் வெயிலில் மரக்காணத்து உப்பளங்களுக்கு நடுவே நிழலில்லாமல் நிற்கப்போகிறது என்று பொருள்.

உணவிலும் இதே கதைதான். பசி எடுத்தபின் சாப்பிடலாம், தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்பது அன்றாட வாழ்க்கைக்குப் பொருந்தும். நாள் முழுவதும் மிதிப்பவருக்குப் பசி தெரியும்போதே காலம் கடந்திருக்கும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ போதும். வழியில் நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் ஒரே மூச்சில் உண்பதைவிட இட்லி எவ்வளவோ மேல். கடற்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் எவ்வளவு உப்பு வெளியேறியது என்பதும் தெரியாது. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரலாம். சாலையெங்கும் விற்கும் இளநீரை இதற்கு மருந்தாக நம்புவோர் பலர். அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமோ உப்பிட்ட மோரோ அந்த வேலையை நன்றாகச் செய்யும்.

பஞ்சர் ஒட்டத் தெரியும் என்பது போதாது. ஒரே குழுவில் சாலை மிதிவண்டி, மலை மிதிவண்டி, கலப்பின மிதிவண்டி என மூன்று வகை இருந்தால் ட்யூப் அளவும் மூன்றாக இருக்கும். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குப் பொருந்தும் பம்ப் தலை தடித்த ஷ்ரேடர் வால்வுக்குப் பொருந்தாமல் போகலாம். ஊர்ப்புறத்து சைக்கிள் கடைகளில் குறுகிய டயருக்கான ட்யூப் கிடைப்பது அரிது. எனவே முந்தைய இரவே அனைவரின் டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவைப் படித்து, யாருடைய ட்யூப் யாருக்குப் பொருந்தும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். புதிய ட்யூபை மாட்டுமுன் டயரின் உட்புறத்தை விரலால் கவனமாகத் தடவிப் பார்க்காமல் விட்டால், லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பித்துண்டு இரண்டாவது ட்யூபையும் குத்திவிடும்.

மிதிவண்டியின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் இணையாகப் போகும்படி ஓட்டுவது, பேசிக்கொண்டே செல்லும் நண்பர்களிடம் அடிக்கடி காணும் பழக்கம். முன்னவர் ஒரு குழியைத் தவிர்க்கச் சற்றே விலகினாலும், விழுபவர் பின்னவர்தான். குழியைக் கண்டால் கையால் காட்டுவதும், நிற்குமுன் குரல் கொடுப்பதும் குழு சென்னையை விட்டு வெளியேறுமுன் பழகிக்கொள்ள வேண்டியவை.

புத்தம்புதிய சீட்டையோ காலணியையோ அன்றுதான் முதன்முதலில் பயன்படுத்துவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புதுச்சேரிக்குச் சற்று முன்னுள்ள காலாப்பட்டு வருவதற்குள் உடலே சொல்லிவிடும்.

கடைசியாக, திரும்பும் ஏற்பாடு. புதுச்சேரி சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதால், களைத்தவர்களும் வழியில் நிறுத்த அஞ்சி மிதிக்கிறார்கள். மிதிவண்டிகளை ஏற்றிவர ஒரு சிறு சரக்கு வண்டியை முன்கூட்டியே பேசி, அது மதியத்துக்குமேல் மரக்காணத்தில் காத்திருக்கும் என்று எல்லோருக்கும் கிளம்பும்போதே சொல்லிவிட்டால், மீதமுள்ள 35 கிலோமீட்டரை மிதிப்பதா வண்டியில் ஏறுவதா என்பதை ஒவ்வொருவரும் கூச்சமின்றித் தாமே முடிவு செய்துகொள்வார்கள்.