பைத்தானில் சூழல் மாறிகளைக் கையாளும் முறை

தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தால், நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் ‘கிட்’டில் அந்த நிரல் ஏறும் நாளில் ரகசியமும் சேர்ந்தே ஏறிவிடும். பின்னர் அந்த வரியை அழித்தாலும் பழைய கமிட்டுகளில், அதாவது முன்பு சேமித்த பதிவுகளில், அது அப்படியே இருக்கும். ஆகவே இத்தகைய மதிப்புகளை, நிரலுக்கு வெளியே பெயரிட்டு வைக்கப்படும் சூழல் மாறிகளில் வைத்து, நிரல் இயங்கும்போது படித்துக்கொள்வதே முறை. லினக்ஸ் டெர்மினலில் ‘எக்ஸ்போர்ட்’ கட்டளையால் மாறியை அமைக்கலாம். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக் கூடாது.

பைத்தானில் ‘ஓஎஸ்’ மாட்யூலை இம்போர்ட் செய்தால் போதும். அதிலுள்ள ‘என்விரான்’, பெயரைக் கொண்டு மதிப்பைத் தேடித்தரும் ஒரு டிக்‌ஷனரியைப் போலவே நடந்துகொள்ளும்: சதுர அடைப்புக்குள் பெயரைக் கொடுத்துக் கேட்கும்போது, அம்மாறி இல்லையெனில் ‘கீஎரர்’ என்ற பிழை எழும், ‘கெட்என்வ்’ வழியாகக் கேட்டால் ‘நன்’ என்ற வெற்று மதிப்போ, நாம் இரண்டாவதாகக் கொடுத்த இயல்பு மதிப்போ கிடைக்கும். கட்டாயமான மதிப்புகளுக்கு முதல் வழியையே நான் பரிந்துரைக்கிறேன். தொடக்கத்திலேயே நின்றுவிடும் நிரல், பாதி வேலையில் தடுமாறும் நிரலைவிட நல்லது.

பலரும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. சூழல் மாறியின் மதிப்பு எப்போதும் எழுத்துச்சரமாகவே வரும். ‘டீபக்’ என்ற மாறிக்கு ‘ஃபால்ஸ்’ என்று கொடுத்து, அதை ‘பூல்’ கொண்டு மெய்/பொய் மதிப்பாக மாற்றினால், வெறுமையல்லாத எந்தச் சரமும் மெய்யாகவே கொள்ளப்படும் என்பதால் விடை ‘ட்ரூ’ என்றே வரும். எனவே மதிப்பைச் சிற்றெழுத்தாக்கி, சிற்றெழுத்தில் எழுதிய ‘ட்ரூ’ என்ற சரத்தோடு ஒப்பிட வேண்டும்; போர்ட் எண்ணை ‘இன்ட்’ கொண்டு முழு எண்ணாக மாற்ற வேண்டும்.

நிரலுக்குள் மாற்றும் மதிப்பு அந்தச் செயல்முறைக்கும் (இயங்கிக்கொண்டிருக்கும் அந்நிரலுக்கும்) அதன்பின் அதிலிருந்து பிறக்கும் செயல்முறைகளுக்கும் மட்டுமே செல்லும், டெர்மினலுக்குத் திரும்பாது.